டயாலிசிஸில் இருப்பவருக்குத் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தால்: நான்கு வழிகள், எது யாருக்கு?

"வாரத்துல ரெண்டு தடவை போறோமுங்க. ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏறிப் போயிருது. வயித்துல போடற டயாலிசிஸுக்கு மாறிறலாமுங்களா, இல்லீன்னா புதுசா வந்திருக்கிற மிஷினுக்குப் போலாமுங்களா?"

ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் இரண்டு வழியை மட்டும் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். உண்மையில் வழி நான்கு. அவர்கள் கேட்காமல் விடும் இரண்டும்தான் (உப்பைக் குறைப்பது, டயாலிசிஸ் நாளையோ நேரத்தையோ கூட்டுவது) பலருக்கு முதலில் தேவைப்படுபவை. எந்த வழியைப் பிடித்தாலும் ட்ரை வெயிட்டையும் (கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) மருந்தையும் நெஃப்ராலஜிஸ்ட்தான் (சிறுநீரக மருத்துவர்) மாற்ற வேண்டும். அவரிடம் என்ன கணக்கோடு போய் உட்காருவது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

மணிக்கு எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கிறது? ஏறிய எடையை மில்லிலிட்டராக்கி, டயாலிசிஸ் மணி நேரத்தால் வகுத்து, பின் ட்ரை வெயிட்டால் வகுக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 10-ஐ ஒட்டி இருப்பது நல்லது. மிஷின் எடுப்பது ரத்தக்குழாயில் இருக்கும் தண்ணீரை. கால் வீக்கத்திலும் நுரையீரலிலும் தேங்கியிருப்பது மெதுவாக ஊறி ரத்தத்துக்குள் வந்தால்தான் அதையும் எடுக்க முடியும். போர்வெல்லில் ஊற்றுக்கு மேல் மோட்டார் ஓட்டினால் காற்றுதான் வரும். இங்கே பிரஷர் விழுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, வாந்தி வருகிறது.

அழற்சி (இன்ஃப்ளமேஷன், உடம்பின் தற்காப்பு ஓயாமல் கிளர்ந்திருக்கும் நிலை) இருக்கிறதா? பலர் கவனிக்காத அளவுகோல் இதுதான். தண்ணீர் தேங்கினால் காலைப் போலவே குடல் சுவரும் வீங்கும். வீங்கிய சுவர் வழியாகக் குடல் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. அழற்சி வந்தால், தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைக்கும் புரதமான ஆல்புமின் குறைகிறது, ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது, தண்ணீர் குழாய்க்குள் நிற்காமல் சதைக்குள் போய்விடுகிறது. "கால் வீங்கித்தான் இருக்குது, ஆனா மிஷின்ல போட்டதும் பிரஷர் இறங்கிருது" என்று குடும்பத்தார் குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. வேக வேகமாக உறிஞ்சினாலும் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அதே கசிவு ஏற்படும். ஆகவே தண்ணீரை விட்டுவைப்பதும் தப்பு, அவசரமாக எடுப்பதும் தப்பு. தண்ணீரும் அழற்சியும் சேர்ந்திருப்பவர்கள்தான், இரண்டில் ஒன்று மட்டும் இருப்பவர்களைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. அழற்சியால் பசி போகும், சதை கரையும். ஆறு மாதத்துக்கு முன் ட்ரை வெயிட் 54 கிலோ என்று வைத்தார்கள்; அதற்குள் 2 கிலோ சதை குறைந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் 54-லேயே இறக்கி அனுப்பினால், நோட்டில் எல்லாம் சரியாகத் தெரியும், உடம்பிலோ 2 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கும். சட்டை தொளதொளக்கிறது, வளையல் கழன்று விழுகிறது, ஆனால் எடை மட்டும் மாறவில்லை என்றால் ட்ரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்கிறார் என்றால் இன்னும் அவசரம்.

சிறுநீர் எவ்வளவு மிச்சம்? 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளந்து பாருங்கள். 300 மில்லி வந்தால்கூட வாரத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஆகிறது. அந்த அளவை மிஷின் எடுக்க வேண்டியதில்லை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை இந்த மிச்சத்தையும் நிறுத்திவிடும்.

வீடு, வேலை, தூரம். தாளவாடியிலிருந்து திம்பம் இறங்கி சத்தியமங்கலம் வர வேண்டியவருக்கும், பெருந்துறையில் மருத்துவமனை வாசலிலேயே குடியிருப்பவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

## ஒரு கணக்கு

ட்ரை வெயிட் 50 கிலோ, சிறுநீர் இல்லை, நாளுக்கு ஒரு கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தின் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் டயாலிசிஸில் நிலைமை இப்படி இருக்கும்:

| ஏற்பாடு | நீண்ட இடைவெளி | ஏறியது | ஒரு கிலோவுக்கு மணிக்கு |
|---|---|---|---|
| வாரம் 2, 4 மணி நேரம் | 4 நாள் | 4 கிலோ | 20 மில்லி |
| வாரம் 2, 5 மணி நேரம் | 4 நாள் | 4 கிலோ | 16 மில்லி |
| வாரம் 3, 4 மணி நேரம் | 3 நாள் | 3 கிலோ | 15 மில்லி |
| வாரம் 3, 5 மணி நேரம் | 3 நாள் | 3 கிலோ | 12 மில்லி |
| வாரம் 3, 4 மணி நேரம், உப்பைக் குறைத்து நாளுக்கு 700 கிராம் மட்டும் ஏறினால் | 3 நாள் | 2.1 கிலோ | 10.5 மில்லி |

கடைசியில் ரத்தத்தைத் திருப்பி விடும் உப்பு நீரும், படுக்கையில் குடிக்கும் டீயும் இதோடு சேரும். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு முறை என்ற ஏற்பாடு, சிறுநீர் நின்றுபோன ஒருவருக்குப் பெரும்பாலும் ஒத்து வராது.

## வழி 1: உப்பைக் குறைப்பது

இதற்குப் பணச் செலவு கிடையாது. பலன் இரண்டு வாரத்தில் எடை மிஷினிலேயே தெரியும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறோம்.

தண்ணீரைக் குறைக்கச் சொல்லி உப்பை விட்டுவிட்டால் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. சுமார் 8 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதைச் சமன் செய்ய ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு கேட்டு வாங்கும். அந்தத் தாகத்தை மன உறுதியால் அடக்க முடியாது. நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 கிராம்தான் இலக்கு. ஒரு டீஸ்பூனைத் தலை தட்டினால் வரும் அளவு. நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டது. அதில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பேக்கரி பன்னும் சேரவில்லை.

நம் பக்கத்துச் சமையலில் இதற்கு வசதி உண்டு. அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, சந்தகை எல்லாவற்றையும் உப்பில்லாமல் ஆக்கி, நோயாளியின் தட்டில் மட்டும் அளந்த உப்பைத் தூவலாம். சீரகம், மிளகு, பூண்டு, கொத்தமல்லித் தழை ஆகியவை சுவையைத் தூக்கிக் கொடுக்கும். கொள்ளிலும் பருப்பிலும் பொட்டாசியமும் பாஸ்பரசும் இருப்பதால் அளவை டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பங்கூழ், மோர், ரசம், குழம்பு எல்லாம் தண்ணீர்க் கணக்கில் வரும். கூழுக்கு மோர் விட்டு உப்புப் போட்டு வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொள்ளும் சித்திரை மாதத்துப் பழக்கத்தில் தண்ணீரும் உப்பும் ஒரே சொம்பில் உள்ளே போகின்றன.

பழக்கத்தில் இருக்கும் மூன்று தப்புகளைச் சொல்லியாக வேண்டும். இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது முதல் தப்பு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'லோ சோடியம்' உப்பு இரண்டாவது, இன்னும் மோசமானது. அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், இதயத் துடிப்பையே நிறுத்தலாம். மூன்றாவது, பொள்ளாச்சி இளநீர் குளிர்ச்சி என்று தருவது. தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறும்.

தண்ணீர் அளவுக்குப் பொதுக் கணக்கு: 24 மணி நேரச் சிறுநீர், அதோடு 500 மில்லி. காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டு, மருந்து விழுங்கும் தண்ணீர், டீ எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுங்கள். நூறு மில்லி டம்ளர் வைத்துக்கொண்டால் உதவும். சர்க்கரை 250-க்கு மேல் நிற்பவருக்கு உப்பைக் குறைத்தாலும் தாகம் தீராது. அவருக்குச் சர்க்கரையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு ஒன்றே: உப்போடு சேர்ந்து சாப்பாடும் குறைந்துவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. ருசியில்லை என்று அரை வயிற்றோடு எழுந்தால் சதை கரையும், மேலே சொன்ன ட்ரை வெயிட் கண்ணியில் மாட்டுவார். முட்டை வெள்ளைக் கருவை உப்பில்லாமல் மிளகு தூவிக் கொடுங்கள்.

நாளுக்கு ஒரு கிலோ அல்லது அதற்குமேல் ஏறுகிறவர்கள் எல்லாருமே இதில் தொடங்க வேண்டும். வாரம் இரண்டே முறை என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு இது மட்டும் போதாது.

## வழி 2: நாளையோ நேரத்தையோ கூட்டுவது

கணக்குப்படி பார்த்தால் தண்ணீருக்கு நேரான மருந்து நேரம்தான். வாரம் மூன்று ஆக்குவது முதல் படி. ஒவ்வொன்றையும் நாலு மணியிலிருந்து ஐந்து மணியாக்குவது அடுத்தது. ட்ரை வெயிட்டைக் குறைக்கும்போது ஒரேயடியாக இறக்காமல் ஒவ்வொரு முறையும் 200 முதல் 500 கிராம் என்று இறக்கினால் உடம்பு தாங்கும். டயாலிசிஸ் திரவத்தின் சூட்டை 36 டிகிரிக்கு ஒட்டி வைத்தால் பிரஷர் விழுவது குறையும். குளிருகிறது என்பார்கள், போர்வை கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் அன்று எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிஷின் ஓடும்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பிரஷர் விழும்.

பிரஷர் விழுகிறது என்று திரவத்தில் சோடியத்தைக் கூட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அன்றைக்கு நோயாளி சுகமாக இருப்பார். வீட்டுக்குப் போனதும் தாகம் பிய்க்கும், அடுத்த முறை இன்னும் ஒரு கிலோ கூடுதலாக வருவார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஹீமோடயாலிசிஸ் (மிஷின் டயாலிசிஸ்) உண்டு. மாதத்துக்கு எத்தனை முறைக்கு அனுமதி இருக்கிறது, மூன்றாவது நாளைச் சேர்க்க என்ன கடிதம் வேண்டும் என்பதைக் காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் செலவு சம்பளத்தில் வருகிறது. சோமனூரில் தறி ஓட்டுகிறவருக்கும் திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும் மூன்றாவது நாள் என்றால் வாரத்தில் இன்னொரு நாள் கூலி போச்சு; துணைக்கு வருபவருக்கும் அப்படியே. காலை முதல் ஷிப்டு அல்லது இரவு ஷிப்டு கிடைத்தால் பாதி நாளாவது மிஞ்சும். இந்த இழப்பு பெரியதுதான். ஆனால் மூச்சுத்திணறி நள்ளிரவில் ஐ.சி.யூ.வில் சேர்த்தால் ஒரு தடவையிலேயே அதைவிட அதிகம் போய்விடும்.

சிறுநீர் நின்றவர்கள், இதயம் பலவீனமானவர்கள், மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியவர்கள் ஆகியோருக்கு இதுவே சரி.

## வழி 3: வயிற்று டயாலிசிஸ்

சி.ஏ.பி.டி. என்பது வீட்டிலேயே நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை, 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்து, வடிப்பது. தண்ணீர் நாள் முழுக்க மெதுவாக இறங்குவதால் பிரஷர் திடீரென்று விழாது, நீண்ட இடைவெளி என்பதே கிடையாது. மிச்சமிருக்கும் சிறுநீரும் பொதுவாக அதிக நாள் தாங்கும். கழுத்தில் லைன் (மிஷினோடு இணைக்க ரத்தக்குழாயில் வைக்கும் குழாய்) இல்லை என்பதால் ரத்தத் தொற்றுப் பயம் குறைவு. வால்பாறையிலிருந்தோ பர்கூர் மலையிலிருந்தோ வாரம் மூன்று முறை இறங்கி ஏற முடியாதவருக்கு இது பெரிய விடுதலை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்பது பையிலிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது: 1.5, 2.5, 4.25 சதவீதம். வீக்கம் என்றதும் 4.25-ஐயே தினமும் போட்டால் சர்க்கரை ரத்தத்தில் ஏறும், வயிற்றுச் சவ்வும் சில வருடத்தில் களைத்துப்போகும். இரவுக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் (சாதாரணச் சர்க்கரைக்குப் பதில் மாவுப்பொருள் கலந்த திரவம்) பை தந்தால் ஒரு எச்சரிக்கை: சில வகை குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரை வந்துவிடும். உங்கள் மீட்டர் ஒத்து வருமா என்று முன்பே கேளுங்கள்.

வீட்டை நேராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வழி இது. நாளுக்கு மூன்று பை என்றால் மாதத்துக்கு 180 லிட்டர். அவ்வளவு பெட்டியையும் வெயில் படாமல் அடுக்க இடம் வேண்டும், தகரக் கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது. மாற்றும் அரை மணி நேரம் கதவும் ஜன்னலும் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் கழுவித் துடைத்த பிறகுதான் முனையைத் தொட வேண்டும். தறி ஓடும் வீடாக இருந்தால் பஞ்சு பறக்காத ஒரு தனி அறை கட்டாயம். கிணற்றிலோ வாய்க்காலிலோ குளிக்கக் கூடாது. பையைச் சூடாக்க வெந்நீரில் முக்கக் கூடாது.

வடிந்த பைக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து படிக்க முடியாமல் கலங்கியிருந்தால் அது வயிற்றுத் தொற்று; வலி இல்லாவிட்டாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போக வேண்டும். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சவ்வு கெடும், அழற்சி கூடும், வடியும் திரவத்தோடு போகும் புரதமும் அதிகமாகும். சாதாரண நாளிலேயே 5 முதல் 10 கிராம் புரதம் அப்படிப் போகிறது. பை சரியாக வடியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மலச்சிக்கலை.

இந்த வழியில் பலருக்கு நேரும் கஷ்டம், தண்ணீர் சத்தமில்லாமல் ஏறுவது. எடை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் பக்கத்தில் நர்ஸ் கிடையாது. விட்ட பையையும் வடிந்த பையையும் கொக்கித் தராசில் நிறுத்து வித்தியாசத்தைத் தினமும் நோட்டில் எழுதாத வீட்டில், மூச்சு வாங்கும்போதுதான் விஷயம் தெரிய வரும்.

சிறுநீர் இன்னும் வருகிறவர், தொலைவில் இருப்பவர், பிரஷர் தாங்காத இதய நோயாளி, கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைப்பது) அமையாதவர் ஆகியோருக்கு நல்ல தேர்வு. வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவருக்கும், சரி செய்யாத குடலிறக்கம் உள்ளவருக்கும், தனியே இருந்து கண் சரியாகத் தெரியாதவருக்கும் வேண்டாம்.

## வழி 4: ஹெச்.டி.எஃப்

"23 லிட்டர் எடுப்பாங்களாமா" என்ற பேச்சால்தான் இந்தப் புது மிஷினைத் தேடுகிறார்கள். ஹெச்.டி.எஃப் (ஹீமோடயாஃபில்ட்ரேஷன்) என்பது சாதாரண மிஷின் டயாலிசிஸோடு, நிறையத் திரவத்தை வடிகட்டி எடுக்கும் முறை. அந்த 23 லிட்டரில் பெரும்பகுதிக்கு ஈடாக உடனே சுத்தத் திரவம் உள்ளே விடப்படுகிறது. உடம்பிலிருந்து நிகரமாக இறங்குவது சாதாரண மிஷினில் இறங்கும் அதே அளவுதான். மணிக்கு 13 என்ற எல்லையும் அப்படியே நிற்கும். நாலு கிலோ ஏறி வருகிறவருடைய பிரச்சினையை இது தீர்க்காது.

அது உதவும் இடம் வேறு. பெரிய மூலக்கூறுகளாக இருக்கும் கழிவுகள் கூடுதலாக வெளியேறும். 2023-ல் வெளியான கான்வின்ஸ் ஆய்வில் 1,360 பேரைப் பார்த்தார்கள்; ஹெச்.டி.எஃப் குழுவில் இறந்தவர்கள் 17.3 சதவீதம், சாதாரண முறையில் 21.9 சதவீதம். ஆனால் ஒவ்வொரு முறையும் 23 லிட்டரை எட்டக்கூடியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அந்த அளவை எட்ட நிமிடத்துக்கு 350 மில்லியை ஒட்டி ரத்தம் ஓடும் நல்ல ஃபிஸ்டுலா வேண்டும். கழுத்து லைனில் பெரும்பாலும் எட்டாது. கூடுதல் கட்டணம் ஒவ்வொரு முறையும் கையிலிருந்து போகலாம். அந்தப் பணம் மூன்றாவது நாளுக்கு ஆகும் என்றால் அதற்கே செலவிடுங்கள்.

தண்ணீர் கட்டுக்குள் வந்து, ஃபிஸ்டுலாவும் நன்றாக ஓடி, பல வருடம் டயாலிசிஸில் இருக்கப்போகிற இளவயதுக்காரருக்கு இது பொருத்தம்.

## முறையை மாற்றியும் அழற்சி அடங்கவில்லை என்றால்

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. பெரும்பாலான லேப்களில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ் இயல்பு. சில லேப்கள் டெசிலிட்டரில் தருவார்கள், அங்கே 0.8 என்றால் இங்கே 8. ஒரே லேபில் எடுங்கள். திரும்பத் திரும்ப 10-க்கு மேல் நின்றால் காரணம் எங்கோ இருக்கிறது.

முதல் சந்தேகம் கழுத்து லைன் மேல்தான். மிஷினில் போட்ட அரை மணியில் குளிர் நடுக்கம் வந்தால் ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் ஊசியோடு வீட்டுக்கு வரக் கூடாது. ஃபிஸ்டுலா போட்டால் தயாராக ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், எனவே லைன் போட்ட அன்றே அதற்கான தேதியையும் கேளுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஈறு, சர்க்கரை நோயாளியின் பாதம், பழைய அடைத்துப்போன கிராஃப்ட் (டயாலிசிஸுக்காக வைத்த செயற்கை ரத்தக்குழாய்), காசநோய் ஆகியவற்றையும் தேட வேண்டும். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) மட்டும் உயர்ந்திருந்தால் அதுவும் அழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.

நான்கு மணி நேரத்தில் நோயாளியின் ரத்தத்தைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தொட்டுப் போவது சுமார் 120 லிட்டர் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது, உப்பு மிகுந்தது. ஆர்.ஓ. அதைச் சரி செய்யும். ஆனால் குழாய்ப் பாதையைக் கிருமி நீக்கம் செய்யாவிட்டால் உள்ளே பாக்டீரியா படலம் வளரும். தண்ணீரின் கல்ச்சரும் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) பரிசோதனையும் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. சாதாரண டயாலிசிஸுக்கு எல்லை மில்லிக்கு 100 பாக்டீரியா, எண்டோடாக்சின் 0.25 யூனிட். ஹெச்.டி.எஃப்புக்கு இதைவிடப் பல மடங்கு சுத்தம் வேண்டும்.

## மாற்றுவது என்று முடிவெடுத்தால்

இரண்டு வாரத்து நோட்டோடு போங்கள்: ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன்னும் பின்னும் எடை, பிரஷர், ஓடிய நேரம், கைகால் இழுத்ததா, 24 மணி நேரச் சிறுநீர், கடைசி சி.ஆர்.பி., ஆல்புமின். உப்பையும் நேரத்தையும் முதலில் சரி செய்து ஆறு வாரம் பாருங்கள். அப்போதும் 13-க்கு மேலேயே நின்றால், அல்லது தூரமும் வேலையும் மூன்றாவது நாளைத் தாங்காது என்றால், வயிற்று டயாலிசிஸ் பற்றிப் பேசுங்கள். அதற்குக் குழாய் வைத்தபின் சுமார் இரண்டு வாரம் ஆற விட வேண்டும், பயிற்சியும் எடுக்க வேண்டும். அதுவரை மிஷின் டயாலிசிஸை நிறுத்தக் கூடாது.

படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, கைகால் திடீரென்று தளர்ந்தாலோ அடுத்த ஷிப்டு வரை காத்திருக்க வேண்டாம். நோயாளியைச் சாய்த்து உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்கே கொண்டு போகச் சொல்லுங்கள்.